என் போனில் இருந்த உன் பாட்டுகள்

என் சுஹ்ராவுக்கு, கூடப் பிறக்காத தங்கைக்கு,

உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் உன் வீட்டுப் பிள்ளைகள் யாராவது படித்து உன் அம்மாவுக்குச் சொல்லிவிடுவார்கள். அவரிடம் மறைத்து நான் எதையும் செய்யவில்லை. ஆனாலும் இதை எழுதும்போது எனக்கு எப்படி இருந்தது என்பது அவருக்குத் தெரிய வேண்டாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். சுஹ்ரா என்பது அவளுடைய பெயர் இல்லை. பெண் குழந்தை பிறந்தால் வைக்க வேண்டும் என்று அவள் எடுத்து வைத்திருந்த பெயர். குழந்தை பிறக்கவில்லை. பெயர் சும்மா கிடந்தது. அதை அவளுக்கே வைத்துவிட்டேன்.

வெயில் மறுபடி ஏறிவிட்டது, சுஹ்ரா. நீ இருந்த கடைசி வாரங்களில் இந்த வளைகுடா ஊரில், முவைலாவின் கடைத்தெருவில் மாலை நேரம் சால்வை போர்த்திக்கொண்டு நடந்தோம். இப்போது பேருந்து நிறுத்தத்தின் ஏசி கூண்டுக்குள் நிற்க இடம் கிடைப்பதில்லை. கிளினிக் வரவேற்பில் உன் இடத்துக்கு ஒரு பிலிப்பினோப் பெண் வந்திருக்கிறாள். நல்ல பெண். வந்த அன்றே உன் நாற்காலியை உயர்த்திக்கொண்டாள். நோயாளிகளை டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

நீ எண்ணைச் சொன்னதே இல்லை. லேபர் கேம்ப்பிலிருந்து முதுகுவலியோடு வரும் எங்கள் ஊர் ஆட்களின் பெயர்களைக்கூட இழுத்து, வளைத்து, ஒரு மெட்டில் வைத்துத்தான் கூப்பிடுவாய். கோவிந்தசாமி என்று ஒருவர் இருந்தாரே, நினைவிருக்கிறதா? நீ கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. "காது கேக்கலையாண்ணே?" என்று நான் போய்க் கேட்டேன். "கேட்டுச்சு சிஸ்டர். இன்னொருக்கா கூப்பிடச் சொல்லுங்க" என்றார்.

நீ ஒரு பாட்டுக்காரி என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னாய். கல்யாண வீடுகளில், பெண்கள் மட்டும் கூடும் மண்டபங்களில், உங்கள் சுவாஹிலி மொழியில் தாராப் பாடுகிறவள். தாராப் என்றால் என்ன என்று கேட்டேன். "பாட்டு கேட்டு மயங்கறதுக்கு அரபியில அந்தப் பேரு. எங்க கரையில அதுவே பாட்டுக்குப் பேராயிடுச்சு" என்றாய். உன் தாத்தாவின் முன்னோர் ஓமானிலிருந்து ஜான்சிபாருக்குப் போனவர்கள், தாத்தா அங்கிருந்து இந்தப் பக்கம் திரும்பியவர். போனபோது அரபியோடு போய், வந்தபோது சுவாஹிலியோடு வந்தார்கள். உங்கள் பாட்டிலும் அப்படித்தான். அரபு நாட்டுத் தந்திகள், ஆப்பிரிக்க மேளம், பம்பாயிலிருந்து போன சினிமா மெட்டு. பருவக்காற்றில் வந்து இறங்கிய எதையும் உங்கள் கரை திருப்பி அனுப்பவில்லை.

"இது யாருடைய சங்கீதம்னுதான் சொல்றது?" என்று கேட்டேன். நான் புத்தகம் படித்துக் கெட்டவள், எனக்கு எதற்கும் ஒரு மூலம் வேண்டும். "எங்க பாட்டுக்கு அப்பா யாருன்னு கேக்காத. அம்மா பேரு சுவாஹிலி. அது போதும்" என்றாய்.

நீ என்னை முதல் கல்யாணத்துக்கு அழைத்துப்போன அன்று நடந்ததை மர்யம் இன்னும் விடவில்லை. உனக்கு மேளம் வாசிக்கும் அந்த மர்யம்தான், என்னைப் பார்க்கும்போதெல்லாம் பணப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறாள். வாசலில் எல்லாருடைய போனையும் வாங்கித் துணிப்பையில் போட்டுக் கட்டிவிட்டார்கள். உள்ளே ஒருவர் மேலும் கறுப்பு அபாயா அங்கி இல்லை, பட்டும் ஜரிகையும் கண்ணைக் குத்தின. நீ ஒரு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து பாடினாய். முகத்தில் ஒன்றுமே இல்லை. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, கையில் ஒரு பண நோட்டை உயர்த்திப் பிடித்து, ஆடிக்கொண்டே வந்து உன் மடியில் வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கும் ஆசை வந்தது. மெட்டு உச்சத்துக்குப் போன ஓர் இடத்தில் நானும் எழுந்து வந்து வைத்தேன்.

மண்டபமே மூச்சை இழுத்துப் பிடித்தது. பிறகு குலவைச் சத்தம் கூரையைத் தொட்டது.

அந்த வரி, அடுத்தவள் அடுப்பில் தன் பானையை ஏற்றுகிறவளைப் பற்றியதாம். எந்த வரியில் எழுந்து வருகிறோமோ அந்த வரியை அந்தச் சபையில் யாரோ ஒருத்திக்கு நாம் அனுப்புகிறோம் என்று அர்த்தமாம். வரும் வழியில் நான் மாப்பிள்ளையின் சித்தியைப் பார்த்துச் சிரித்து வேறு வைத்திருக்கிறேன். சித்தி சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். "யாரு இந்த இந்தியாக்காரி, இவளுக்கு எப்படித் தெரியும்?" என்று ஊர் முழுக்கக் கேட்டார்களாம். காரில் வரும்போது நீ சிரித்துச் சிரித்து, ஒரு சிக்னலில் பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றாய். "டாடா, எனக்கு பத்து வருஷமா தைரியம் வரல. நீ ஒரே ராத்திரியில முடிச்சிட்ட" என்றாய். உங்கள் மொழியில் டாடா என்றால் அக்கா. அன்றுதான் முதல்முறை அப்படிக் கூப்பிட்டாய்.

உன் குரல் என் போனுக்குள் வந்தது எப்படி என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. உன் அம்மா ஒரு காலத்தில் உன்னைவிடப் பெரிய பாட்டுக்காரி. ஹஜ் போய் வந்த பிறகு பாடுவதை நிறுத்திவிட்டார். உன்னைத் தடுக்கவில்லை. வீடு தொழுகைக்கு, பாட்டை வெளியே வைத்துக்கொள் என்று மட்டும் சொன்னார். அதனால் டூட்டி முடிந்து என் ரூமுக்கு வந்துதான் பாட்டுக் கட்டுவாய். உன் போனை அக்கா பிள்ளைகள் எடுத்து விளையாடுவார்கள், எதையாவது எங்காவது போட்டுவிடுவார்கள் என்று பயம். "உன் போன்ல போடு டாடா. உன் போன் உன்னை மாதிரி, வாயைத் திறக்காது."

பாட்டு என்றால் முழுப் பாட்டு இல்லை. முனகல், பாதி அடி, தப்பு, திருத்தம், "சே" என்று ஒரு சலிப்பு, பின்னால் ஏசியின் இரைச்சல், நடுவில் என் அறைத்தோழி ஸ்டெல்லா அக்கா மீன் வறுக்கும் சத்தம்.

ஒருநாள் நான் யூனிஃபார்ம் தேய்த்துக்கொண்டே எதையோ முணுமுணுத்தேன். "அது என்ன?" என்றாய். எங்கள் ஊரான முட்டத்தில் மாதா கோவில் தேர்ப்பவனியில் பேண்டு செட்டு வாசிக்கிற மெட்டு என்றேன்.

"யார் போட்டது?"

"யாருக்குத் தெரியும்?"

"அப்ப எனக்கு" என்றாய்.

அன்றே இரண்டு அடி கட்டிவிட்டாய். முதல் அடியில் ஒருத்தி இரவில் கதவைத் தாழிடாமல் வைக்கிறாள். இரண்டாம் அடியில் அண்டை வீட்டுக்காரி ஏன் என்று கேட்க, காற்று வேண்டும் என்று பொய் சொல்கிறாள். மூன்றாம் அடியில் யார் வரப்போகிறார் என்று கேட்டேன். நீ சொல்லவில்லை. "தண்ணி குடு டாடா, தொண்டை போச்சு. மீதி அப்புறம்." அதுவும் பதிவாகியிருந்தது. அதற்குப் பிறகு என் செருப்புச் சத்தம்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை நீ டூட்டிக்கு வரவில்லை. காலையில் தலை வலிக்கிறது என்று சொல்லிப் படுத்திருக்கிறாய். மூளையில் ரத்தக்கசிவு. நான் நர்ஸ், இது எப்படி வரும் எப்படிப் போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததில் என்ன பிரயோஜனம்? நான் டயாலிசிஸ் பிரிவில் ஒருவருடைய ஊசியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. டூட்டி முடிந்து வருவதற்குள் உன்னை அடக்கம் செய்துவிட்டார்கள். உங்கள் வழக்கம் அது, யாரையும் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் ஒரு ராத்திரியாவது முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

துக்கம் கேட்க வந்த பெண்கள் நடுவே உன் அம்மா எனக்கு இஞ்சிக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். நான் அவரைத் தேற்றவில்லை, அவர்தான் என் முதுகைத் தடவினார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும், அவர் போன் செய்தார். அவரும் நானும் பேசுவது, நீயும் நானும் பேசிய அதே இந்தி, அரபி, ஆங்கிலம் மூன்றும் கலந்த பாஷை, உனக்குத் தெரியும். இங்கே தமிழாக எழுதுகிறேன்.

"ஜெனி, உன் போன்ல என் மகள் இருக்காளாமே."

ஆமாம் என்றேன்.

"அழிச்சிடும்மா."

அவரே தொடர்ந்தார். "அவளுக்கு இனி நாம அனுப்பக்கூடியது வேண்டிக்கிற துஆ மட்டும்தான். அவ பாடினது பொம்பளைங்க சபையில, போனெல்லாம் பையில கட்டின இடத்துல. நாளைக்கு அது எங்கயோ ஒரு அன்னிய ஆம்பளை காதுல விழுந்தா, அவ எழுந்து வந்து முக்காட்டை இழுத்து விட்டுக்க முடியாது. நாமதான் இழுத்து விடணும்."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் வாதாடியிருப்பேன், சுஹ்ரா.

ஆனால் அழிக்கவும் முடியவில்லை. என் அப்பா இறந்த பிறகும் அம்மாவின் போனில் அவர் குரல் இருக்கிறது. மொத்தமே ஒரு வரி: "மோட்டர் ஓடுதுட்டி, ஆஃப் பண்ணு." கடலுக்குப் போகிற வழியில் ஞாபகம் வந்து அனுப்பியது. அம்மா அதை வாரத்துக்கு ஒருமுறை கேட்கிறாள். சில நாள் கேட்டுவிட்டு எழுந்துபோய் மோட்டரைப் பார்த்துவிட்டும் வருகிறாள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள் நான். குரலை அழிப்பது என்றால் எனக்கு இரண்டாம் முறை அடக்கம் செய்வது.

ஸ்டெல்லா அக்கா கொளச்சல்காரி, எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது. "ஒனக்கு வட்டு புடிச்சிருக்காட்டி? செத்தவளுக்க கொரல யாராவது அழிப்பாங்களா? ஒரு காப்பி எடுத்து எனக்க பெட்டிக்க அடியில போட்டிரு. அந்தம்மாவுட்ட அழிச்சாச்சின்னு சொல்லு. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே அக்கா."

"ஓ, பெரிய புனித மரியகொரற்றி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆனால் அன்று எனக்கும் சேர்த்துச் சோறு வைத்தாள்.

மர்யமின் உறவுக்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாளே, ஹெஸ்ஸா, பழைய பாட்டுகளைச் சேகரித்து வைக்கும் வேலையில் இருப்பவள், அவளும் வந்தாள். என்னைவிடச் சின்னவள், என்னைவிட நிறையப் படித்தவள். என் கட்டிலில் உட்கார்ந்து ஒரு பதிவை மட்டும் கேட்டாள். கேட்கும்போதே கண் நிறைந்தது. வளைகுடாவில் பாடப்படும் சுவாஹிலிப் பெண்களின் பாட்டுகளில் ஒலிப்பதிவாக இருப்பவை மிகக் குறைவு, வீடுகளில் இருந்த கேசட்டுகளும் பூசணம் பிடித்துப் போயின என்றாள். பெண்கள் மட்டும் கேட்கிற அறை வைக்கலாம், பெயரை மறைக்கலாம், ஏசி சத்தத்தைக்கூட எடுத்துவிடலாம் என்றாள்.

"ஏசி சத்தம் இருக்கட்டும்" என்றேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று கேட்டாள். "நீங்க உங்க தோழியை நினைக்கிறீங்க. அவங்க அம்மா மகளை நினைக்கிறாங்க. இனிமே பிறக்கப்போற பெண் ஒருத்தி, எங்க பாட்டிங்க எப்படிப் பாடினாங்கன்னு கேட்டா, அவளை யார் நினைக்கிறது?"

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? நீ ஒருநாள், போனைப் பையில் கட்டுவதால்தான் உன்னால் பாட முடிகிறது என்றாய். இன்னொரு நாள், உன் குரலை நீயே கேட்டுவிட்டு, "நல்லாத்தான் பாடறேன் இல்ல?" என்று குழந்தை மாதிரி கேட்டாய். இந்த இரண்டு சுஹ்ராக்களில் நான் யாருக்குக் கட்டுப்பட வேண்டும்?

வழி காட்டியது மர்யம். ஹெஸ்ஸா மாதிரி வாதாடவில்லை, உன் அம்மா மாதிரி கெஞ்சவில்லை. நானும் உன் அம்மாவும் அவளும் உன் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தோம். அவள் மண்டாசிப் பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள், தேங்காய்ப்பால் முழங்கை வரை.

"அழிக்கணும்னா அழிங்க. நான் குறுக்க நிக்கல. ஆனா அதுக்கு முன்னாடி அதையெல்லாம் எங்க வாயில போடுங்க. நாங்க எப்படியும் மண்டபத்துலதான் பாடப்போறோம். எங்க வாய்க்கு முக்காடு உண்டு."

உன் அம்மா அடுப்பைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "எந்த மாசம் முடிப்பீங்க?" என்றார்.

"ரமலானுக்கு முன்னாடி."

"யல்லா, அப்ப ஏன் நிக்கிறீங்க" என்றார்.

சனிக்கிழமைகளில் என் ரூமில் கூடினோம். மர்யமும் உன் கூட்டத்துப் பெண்களுமாக நான்கு பேர், இரண்டு கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. போனை அந்த நாற்காலியில் வைத்தோம், அதுதான் நீ உட்காரும் நாற்காலி. ஸ்டெல்லா அக்கா தேநீர் போட்டுக்கொண்டே இருந்தாள். "இது என்ன பாட்டாக்கும், ஒருத்தரும் ஆடமாட்டேங்குதீங்க" என்று முணுமுணுத்தவள், மூன்றாம் வாரத்தில் சமையலறையிலிருந்து சரியான இடத்தில் கோரஸ் எடுத்தாள். மர்யம் மேளத்தை மடியில் வைத்தபடி அப்படியே பார்த்தாள்.

ஒரு அடியைக் கேட்பார்கள். நிறுத்துவார்கள். திரும்பச் சொல்வார்கள். நீ எங்கே மூச்சு எடுக்கிறாய், எந்தச் சொல்லைத் தேய்க்கிறாய், எதைக் கடைசி நொடி வரை தராமல் வைத்திருக்கிறாய் என்று சண்டை நடக்கும். "அவ அங்க நிக்கமாட்டா, தாண்டிடுவா." "தாண்டல, மூக்கு உறிஞ்சினா. அன்னிக்கு அவளுக்கு ஜலதோஷம்." அவர்கள் சிரித்தார்கள். நீ அடுத்த அறையில் இருப்பது போலத்தான் உன்னைப் பற்றிப் பேசினார்கள்.

அந்த அடுப்பு வரி வந்தபோது, மேளம் வாசித்துக்கொண்டிருந்த மர்யம் ஒரு கையை எடுத்துப் பையைத் திறந்து, நோட்டை உருவி, பாதி எழுந்தும்விட்டாள். பழக்கம். எழுந்த பிறகுதான் எதிரில் இருந்த நாற்காலியைப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்தாள். நோட்டைத் திரும்பப் பைக்குள் வைக்கவில்லை. அன்று மாலை முழுக்கக் கைக்குள்ளேயே சுருட்டி வைத்திருந்தாள்.

உன் அம்மா முதல் வாரங்களில் வரவில்லை. கடைசி வாரம் வந்தார். வாசலுக்குப் பக்கத்தில், செருப்புகளுக்கு நடுவில், ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே வரச் சொன்னோம், தலையாட்டிவிட்டார். மிச்சம் இருந்தது ஒரே பாட்டு, எங்கள் மாதா கோவில் மெட்டில் நீ கட்டியது. கதவு, காற்று, பிறகு "தண்ணி குடு டாடா", என் செருப்புச் சத்தம். முடிந்தது.

மூன்றாம் அடி இல்லாமல் எப்படிப் பாடுவது என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். எல்லார் முகமும் வாசல் பக்கம் திரும்பியது. உன் அம்மா அந்தக் காலத்தில் மண்டபத்தில் உட்கார்ந்தபடியே அடி கட்டுவாராம், அது எல்லாருக்கும் தெரியும்.

"என்னைப் பாக்காதீங்க" என்றார். "எனக்கு மூணு அடி இப்பவே வருது. நாலு வருது. ஆனா அவ எழுதாததை நான் எழுதமாட்டேன்."

"அப்ப பாட்டு நொண்டுமே, மாமி."

"நொண்டட்டும். மேளத்தை மட்டும் விடாதே. ஒரு அடி எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் மேளம் போகட்டும். அது அவ இடம்."

பிறகு என்னைப் பார்த்தார். "இப்ப, ஜெனி."

போனை அவரிடம் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்தார். திரையில் உன் படம்கூட இல்லை, வெறும் கோடுகள்தான். விரலை அருகே கொண்டுபோய், பிறகு என் மடியில் வைத்துவிட்டார். "என் கையால முடியாது. நீ அழுத்து." அழுத்தினேன். எல்லாவற்றையும், ஒவ்வொன்றாக. ஒவ்வொரு முறையும் போன் நிச்சயமா என்று கேட்டது. ஒவ்வொரு முறையும் நிச்சயம் என்று பொய் சொன்னேன்.

"கலாஸ்? முடிஞ்சுதா?" என்றார்.

அந்த இடத்தில் நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். போனில் அழித்தாலும் இணையத்தில் என் கணக்கில் ஒரு நகல் தானாகவே ஏறியிருந்தது. அது அவருக்குத் தெரியாது, கேட்கவும் தெரியாது. ஸ்டெல்லா அக்கா தேநீர்த் தட்டோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்குத் தெரியும். பேசாதே, பேசாதே என்று அவள் கண் சொன்னது. என் மனசும் அதைத்தான் சொன்னது.

"இன்னும் ஒரு இடத்துல இருக்கு மாமி" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கேட்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று அவருக்கும் தோன்றியதா, சுஹ்ரா? எனக்கு அப்படித்தான் பட்டது. வேண்டாம் விடு என்று சொல்வார் என்று ஒரு கணம் காத்திருந்தேன். நாங்கள் இரண்டு பேருமே காத்திருந்தோம் என்று நினைக்கிறேன். பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை அசைத்தார். அதையும் அழித்தேன்.

ஹெஸ்ஸாவிடம் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "சரி" என்றாள். "அந்தச் சபைக்கு என்னையும் கூப்பிடுவாங்களா? போனை வெச்சிட்டு வரேன்." மர்யம் கூப்பிட்டாள். வருகிறாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து உதடு அசைத்துக் கற்றுக்கொள்கிறாள்.

நோன்புப் பெருநாள் கழிந்து அஜ்மானில் ஒரு கல்யாணம். மர்யம் மேளத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு உன் நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தை உன்னைப் போல வைத்துக்கொள்ள முயன்றாள், அவளால் முடியாது, அவள் சிரித்த முகம். கதவு வந்தது, காற்று வந்தது. பிறகு குரல் நின்று மேளம் மட்டும் போனது. மணப்பெண்ணின் தோழிகள் சிலர், பாடகி மறந்துவிட்டாள் என்று நினைத்துக் கிசுகிசுத்தார்கள். தெரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தியும் குலவை இடவில்லை, ஒருத்தியும் நோட்டோடு எழுந்து வரவில்லை. ஒரு அடியின் நேரம் அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

உன் அம்மா வரவில்லை. வரமாட்டார் என்று தெரியும். மறுநாள் போன் செய்து, சாப்பாடு எப்படி, பெண் எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டு, "மூணாவது அடியில என்ன செஞ்சாங்க?" என்றார்.

"மேளம் மட்டும் போச்சு."

"அவசரப்பட்டாங்களா?"

"இல்ல மாமி. முழுசா விட்டாங்க."

"ம்" என்றார். போனை வைக்கவில்லை. பின்னால் அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

இதுவரை உனக்குச் செய்தி சொன்னேன். இனிச் சொல்வது செய்தி இல்லை.

போன வாரம் பேருந்தில் உட்கார்ந்து உன் பாட்டு ஒன்றை மனதுக்குள் பாடிப் பார்த்தேன். வார்த்தை எல்லாம் வந்தது. மெட்டு வந்தது. நீ மூச்சு எடுக்கும் இடம்கூட வந்தது. ஆனால் பாடியது மர்யம். உன் குரலைத் தேடினேன். கோவிந்தசாமியைக் கூப்பிட்டதை நினைத்துப் பார்த்தேன். "அப்ப எனக்கு" என்று சொன்னதை நினைத்துப் பார்த்தேன். சொல் இருக்கிறது, நீ தலையைச் சாய்த்தது இருக்கிறது. குரல் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. என் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய் இறங்கினேன்.

உன் பாட்டுகள் எல்லாம் பிழைத்துவிட்டன, சுஹ்ரா. நீ மட்டும்தான் பிழைக்கவில்லை. இப்படி ஆகும் என்று எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தாலும் உன் அம்மாவின் முகத்தைப் பார்த்து வேறு எதையும் செய்திருக்க மாட்டேன். இந்த இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் எப்படி இருக்கின்றன என்று யாராவது எனக்குச் சொன்னால் நல்லது. நான் செய்தது சரியா? நீ கோபமாக இருக்கிறாயா?

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். உன் கூட்டத்தார் எந்த ஊரில் பாடினாலும், டூட்டியை மாற்றிக்கொண்டாவது நான் போவேன். கோரஸில் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள், நிற்பேன். உங்கள் மொழி என் வாயில் முள்ளாகத்தான் குத்தும், சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மெட்டையும் சொல்லையும் யார் கேட்டாலும் சொல்லித்தருவேன். ஆனால் அந்த மூன்றாம் அடியில் யாராவது வார்த்தை போட வந்தால், எவ்வளவு நல்ல வார்த்தையாக இருந்தாலும், முதலில் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இப்படிக்கு,
உனக்குத் தண்ணீர் எடுத்துவரப் போன
உன் அக்கா